பஸ் கண்ணாடியும் பட்டர் குடுக்குற தீர்த்தமும்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உசிலம்பட்டில பஸ் ஏறுனோம், நானும் எங்க அக்கா மகளும். அவ மதுரையில ஹாஸ்டல்ல தங்கி பி.எஸ்.சி. பிசிக்ஸ் மொத வருஷம் படிக்கிறா, வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்துட்டுத் திரும்புறா, நான் என் டியூஷன் சென்டருக்குத் திரும்புறேன். அக்கா ஒரு கட்டைப்பை நெறைய முறுக்கு, இட்லிப்பொடி, நார்த்தங்கா ஊறுகான்னு கட்டிக் குடுத்திருந்துச்சு, அதை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டா. செக்கானூரணி வர்றதுக்குள்ள நல்லா இருட்டிருச்சு, கண்டக்டர் உள்ள லைட்டைப் போட்டாரு. அதுவரைக்கும் கண்ணாடி வழியா வயக்காடும் பனைமரமும் தெரிஞ்சுக்கிட்டு இருந்த எடத்துல சட்டுன்னு அவ மொகம் தெரியுது. அந்த மொகத்துக்குள்ளயே ரோட்டோரத்து டீக்கடை லைட்டும் எதுக்க வர்ற லாரி லைட்டும் ஓடுது.

கொஞ்ச நேரம் அதையவே பாத்துக்கிட்டு இருந்தவ, "மாமா, என் மொகத்துலருந்து போற வெளிச்சத்துல கொஞ்சம் கண்ணாடில பட்டுத் திரும்பி வருது, மிச்சம் வெளிய போயிருது, சரியா? ஆனா வெளிச்சம் போட்டான்ங்கிற சின்னச் சின்னப் பொட்டலமா வருதுன்னு எங்க மிஸ் சொன்னாங்களே. அப்ப ஒரே ஒரு போட்டான் வந்து இந்தக் கண்ணாடில பட்டா அது உள்ள திரும்புமா, வெளிய போகுமா?"ன்னு கேட்டா.

எனக்கு சந்தோஷம் தாங்கல. பதினஞ்சு வருஷமா ப்ளஸ் டூ புள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்குறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்ல, நானும் எம்.எஸ்.சி. படிச்சப்ப கேட்டதில்ல. நான் படிச்ச எடத்துல லேசர் ஒண்ணு இருந்துச்சு, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் பீரோவுல இருந்து வெளிய எடுப்பாங்க, முடிஞ்சதும் பூட்டிருவாங்க, நாங்க அதைத் தொட்டதே இல்ல. அந்த ஏக்கத்துலதான் பின்னாடி இதையெல்லாம் நானா தேடித் தேடிப் படிச்சேன். ஆரப்பாளையம் வர்ற வரைக்கும் அவளுக்குச் சொன்னேன், எறங்குறப்ப "எழுதிக் குடுங்க மாமா, ரூம்ல இருக்குறவளுகளுக்கும் காட்டணும்"ன்னா. அதான் இந்தப் பதிவு, பஸ்ல விட்டுப்போனதையும் சேத்து எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். குவாண்டம் என்டாங்கிள்மென்ட்னாலே, அதாவது ரெண்டு பொருளோட நெலமை தனித்தனியா பிரிக்க முடியாம பின்னிக்கிறதுன்னாலே, தமிழ் யூட்யூப்ல ரெண்டு துகள், ஒண்ணு இங்க, இன்னொண்ணு இன்னொரு கேலக்ஸில, இதைத் தொட்டா அது ஆடும்னு ஆரம்பிச்சு பேய்க்கதை மாதிரி கொண்டு போறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. இங்க தொட்டு அங்க ஒரு சேதியும் அனுப்ப முடியாது, அது ஒரு பக்கம். அதைவிட, அப்படிச் சொல்லும்போது என்டாங்கிள்மென்ட் ஏதோ தனியா வானத்துலருந்து குதிச்ச மாதிரி ஆயிருது. ஒரே ஒரு ஒளிக்கத்தைக்குள்ள இருக்குற ஒரு கொணம் இருக்கு, பழைய அலைக்கணக்குக்குள்ள அடங்காத கொணம், அதுதான் ஒரு சாதாரண கண்ணாடியில பட்டதும் ரெண்டு கத்தைக்கு நடுவுல என்டாங்கிள்மென்ட்டா வந்து நிக்குது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஆனா அதுக்குக் கொஞ்சம் சுத்தி வரணும்.

கோரிலேஷன்ங்கிற வார்த்தையில இருந்து வருவோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்லயும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்லயும் மல்லி வெலை சேந்தே ஏறும், சேந்தே எறங்கும். முகூர்த்த நாள் வந்தா ரெண்டு எடத்துலயும் எகிறும், மார்கழிப் பனியில மொட்டு கம்மியானா ரெண்டு எடத்துலயும் எகிறும். இந்த யாவாரியும் அந்த யாவாரியும் போன் போட்டுப் பேசிக்கணும்னு அவசியமே இல்ல, ரெண்டுக்கும் பின்னாடி ஒரே காரணம் இருக்கு. ரெண்டு எடத்துல ஒண்ணா ஏறி எறங்குறது கோரிலேஷன், அதுல மர்மம் ஒண்ணும் கெடையாது. இதுக்குப் பேரு கிளாசிக்கல்.

வெளிச்சத்துல இதை மொதமொதல்ல அளந்து காட்டுன ஆளு யாரு தெரியுமா, நம்ம குன்னூர் பக்கத்துல அருவங்காட்டுல 1916-ல பொறந்தவரு. ராபர்ட் ஹான்பரி பிரவுன். வெள்ளைக்காரக் குடும்பம், பின்னாடி இங்கிலாந்து போயிட்டாரு, ஆனா பொறந்தது நீலகிரியில. அவரும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் 1956-ல ஒரு மெர்குரி விளக்கு வெளிச்சத்தைப் பாதி ரசம் பூசுன கண்ணாடியில விட்டு ரெண்டா பிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் ஒரு டிடெக்டர். ரெண்டு டிடெக்டர்லயும் வெளிச்சத்தோட ஏத்த எறக்கம் ஒண்ணா இருந்துச்சு, மல்லி வெலை மாதிரி. பெரிய சண்டை வந்துருச்சு, போட்டான் எப்படி இன்னொரு போட்டானோட பேசி வச்சுக்கிட்டு வரும்னு ரெம்பப் பேரு நம்பல, நாங்க செஞ்சு பாத்தோம் அப்படி ஒண்ணும் வரலன்னு கூடச் சொன்னாங்க. அதே வருஷம் எட்வர்ட் பர்செல்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டி இவங்க சொன்னது சரிதான்னாரு. இவங்களும் சும்மா இருக்கல, பழைய பட்டாளத்து சர்ச்லைட் கண்ணாடி ரெண்டை எடுத்து இங்கிலாந்துல ஜோட்ரல் பேங்க் வானாய்வு நிலையத்துல வச்சு சிரியஸ் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி, இதே கோரிலேஷனை வச்சு அந்த நட்சத்திரம் எவ்வளவு அகலம்னு அளந்துட்டாங்க. பின்னாடி ஆஸ்திரேலியாவுல நராப்ரைங்கிற ஊர்ல வட்டமா தண்டவாளம் போட்டு அதுல ரெண்டு பெரிய கண்ணாடியை ஓட விட்டு 32 நட்சத்திரம் அளந்தாங்க. அருவங்காட்டுல பொறந்த புள்ளை.

ஆனா பாருங்க, இவ்வளவு பெரிய வேலையும் கிளாசிக்கல்தான். விளக்கு வெளிச்சம் கோடானுகோடி அணுக்கள் ஆளாளுக்கு விடுற அலை, எல்லாம் சேந்து சில சமயம் ஓங்கும், சில சமயம் தணியும். கண்ணாடி அதைச் சரிபாதியா பிரிக்குது, ஓங்குனா ரெண்டு பக்கமும் ஓங்கும். ரெண்டு டிடெக்டரும் ஒரே நேரத்துல டிக் அடிக்கிறது, தற்செயலா எத்தனை தடவை நடக்கணுமோ அதுல எத்தனை மடங்குன்னு ஒரு எண் போடுவாங்க. விளக்கு வெளிச்சத்துக்கு அது 2. லேசருக்கு 1, ஏன்னா லேசர் ஒரே சீரா வர்ற அலை. பழைய அலைக்கணக்குல இந்த எண் 1-க்குக் கீழ எறங்கவே முடியாது, இது ரெம்ப முக்கியம். கண்ணாடிக்கு ஓரவஞ்சனை தெரியாது, வர்ற அலையில பாதியை இங்கிட்டும் பாதியை அங்கிட்டும் குடுத்துரும், அப்புறம் எப்படி ஒரு பக்கம் கூடும்போது இன்னொரு பக்கம் கொறையும்?

பல்கலை நகர் தாண்டும்போது அவ இந்த எடத்துல மறிச்சா. "லேசரை ரெம்ப ரெம்ப மங்கலாக்குனா ஒண்ணொண்ணா வந்துராதா மாமா? அப்ப 1-க்குக் கீழ போயிருமே?" இது எல்லாரும் நெனைக்கிறது, நானும் நெனைச்சிருக்கேன். வராது. தகரக்கொட்டாய்ல தூறல் விழுற சத்தத்தை நெனைச்சுப் பாருங்க, தூறல் எவ்வளவு கம்மியானாலும் ரெண்டு துளி ஒரே நேரத்துல விழுறதை யாரும் தடுக்கல, ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. மங்கலாக்குனா எண்ணிக்கை கொறையும், கொணம் மாறாது, அந்த எண் 1-லயே நிக்கும்.

கொணம் மாறணும்னா வெளிச்சம் பொறக்குற எடத்துலயே மாறணும். கூடலழகர் கோயில்ல தீர்த்தம் வாங்கியிருக்கீங்கல்ல, பட்டர் வட்டில்ல இருந்து உத்தரணியில மொண்டு ஒருத்தர் கையில விடுவாரு, அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்னா திரும்ப வட்டிலுக்குள்ள விட்டு மொள்ளணும். எவ்வளவு கூட்டம் முண்டுனாலும் ரெண்டு கையில ஒரே நேரத்துல தீர்த்தம் விழாது. ஒத்தை அணுவும் அப்படித்தான். ஒரு போட்டானை விட்டுருச்சுன்னா அது கீழ்நிலைக்கு எறங்கிரும், திரும்ப மேல ஏறுனாத்தான் அடுத்ததை விட முடியும். 1977-ல அமெரிக்காவுல ரோசெஸ்டர்ல கிம்பிள், டாகெனெய்ஸ், மாண்டல் மூணு பேரும் சோடியம் அணுக்களை ரெம்ப மெலிசா ஓட விட்டு, அது விடுற வெளிச்சத்தை இதே பாதிக் கண்ணாடி ரெண்டு டிடெக்டர்ல பாத்தாங்க. ஒண்ணு டிக் அடிச்ச அந்த நேரத்துல இன்னொண்ணு அடிக்கிறது கொறைஞ்சுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஏறுச்சு. போட்டான் விலகி விலகி வருது. எந்த அலைக்கணக்கை வச்சும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. நான்கிளாசிக்கல் கோரிலேஷன்னு சொல்றது இதைத்தான், மல்லி வெலைக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.

"அப்ப கேள்விக்குப் பதில் கெடச்சிருச்சுல்ல, போட்டான் கோலிக்குண்டு மாதிரி, ஒண்ணு திரும்பும் இல்லாட்டி வெளிய போகும், ரெண்டும் நடக்காது"ன்னா. நியாயமான பேச்சுதான். அலை இல்லன்னா குண்டுன்னுதான மனசு போகும். இங்கதான் விஷயம் இருக்கு.

1986-ல பிரான்ஸ்ல கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூணு பேரு ஒரு சோதனை செஞ்சாங்க, எனக்கு இதுவரைக்கும் படிச்ச சோதனையிலயே ரெம்பப் புடிச்சது இதுதான். கால்சியம் அணு மேல ஏத்தி விட்டா ரெண்டு படியா எறங்கும், மொதப் படியில பச்சை போட்டான், ரெண்டாவது படியில ஊதா போட்டான், நடுவுல சில நானோ நொடிதான். பச்சை வந்துருச்சா, ஊதா வரப்போகுதுன்னு அர்த்தம், அப்ப மட்டும் கதவைத் தொறந்து பாத்தா கையில இருக்குறது ஒத்தை ஊதா போட்டான். அதைப் பாதிக் கண்ணாடியில விட்டாங்க. நான் சொன்ன எண் சுமாரா 0.18-க்கு எறங்கிருச்சு. மங்கலாக்குன எல்.இ.டி. வெளிச்சத்தையும் அதே கருவியில விட்டுப் பாத்தாங்க, அதுல எறங்கல. இதுவரைக்கும் கோலிக்குண்டு ஜெயிச்ச மாதிரி இருக்கு. ஆனா அவங்க டிடெக்டர் ரெண்டையும் எடுத்துட்டு, பிரிஞ்சு போன ரெண்டு பாதையையும் கண்ணாடி வச்சு வளைச்சு இன்னொரு பாதிக் கண்ணாடியில திரும்ப ஒண்ணு சேத்தாங்க. அதே போட்டான், ஒண்ணொண்ணாத்தான் வருது. ஒரு பாதையோட நீளத்தை மயிரிழையை விட ரெம்பக் கம்மியா மாத்த மாத்த, கடைசியில இந்த டிடெக்டர் பூராம் அடிக்குது, அந்த டிடெக்டர் சும்மா கெடக்கு, அப்புறம் அது அடிக்குது இது சும்மா கெடக்கு. குண்டு ஒரு பாதையில மட்டும் போயிருந்தா இன்னொரு பாதையோட நீளம் அதுக்கு எப்படித் தெரியும்?

அப்ப மொதக் கண்ணாடியைத் தாண்டுன ஒடனே நெலமை என்ன? அங்கிட்டுப் போச்சுன்னும் சொல்ல முடியாது, இங்கிட்டு வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, பாதி பாதியா போச்சுன்னும் சொல்ல முடியாது. "அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுமில்ல", "அங்கிட்டு ஒண்ணுமில்ல இங்கிட்டு ஒண்ணு", இந்த ரெண்டும் சேந்த ஒரே நெலமை. இதைப் பிரிச்சு, அங்கிட்டு இருக்குற ஒளிக்கு ஒரு நெலமை, இங்கிட்டு இருக்குற ஒளிக்கு ஒரு நெலமைன்னு தனித்தனியா எழுத முடியுமான்னு பாருங்க, முடியவே முடியாது. என்டாங்கிள்மென்ட்டுக்கு இலக்கணமே அதுதான். இங்க போட்டான் ஒண்ணே ஒண்ணுதான இருக்கு, எதோட எது பின்னிக்கிச்சுன்னு கேக்கலாம். பின்னிக்கிட்டது துகள் இல்ல. அந்தப் பாதையில இருக்குற ஒளிப்புலமும் இந்தப் பாதையில இருக்குற ஒளிப்புலமும். எடமெல்லாம் பரவிக் கெடக்குற இந்தப் புலம், அதாவது ஃபீல்டுதான் பொருள், போட்டான்ங்கிறது அந்த ஃபீல்டு எத்தனாவது படியில இருக்குங்கிற கணக்கு. இதை மனசுல ஏத்திக்கிட்டா யூட்யூப் பேய்க்கதை பாதி கலைஞ்சு போயிரும்.

இதுல இன்னொரு சேதி. ஆஸ்பே 1982-ல பெல் சோதனைன்னு ஒண்ணு செஞ்சாரு, ரெண்டு போட்டானோட ஒத்துமைக்கு முன்னாடியே முடிவான பொதுக்காரணம் போதுமான்னு பாக்குற சோதனை, அதுலயும் இதே கால்சியம் அணு, இதே பச்சை ஊதா ஜோடிதான். ரெண்டு பக்கமும் போலரைசர், அதாவது ஒளி அலை ஆடுற திசையைப் பாத்துப் பிரிக்கிற கருவி, வச்சு அளந்தாங்க. முகூர்த்த நாள் மாதிரி முன்னாடியே முடிவான ஒரு பொதுக்காரணம்தான் ரெண்டையும் ஆட்டுதுன்னா ஒரு கூட்டுக்கணக்கு 2-ஐத் தாண்டக் கூடாது, அவருக்கு வந்தது 2.697. குவாண்டம் கணக்குல மேல்வரம்பு 2.828. 2022-ல கிளாசருக்கும் ஜெய்லிங்கருக்கும் இவருக்கும் சேத்து நோபல் குடுத்தது இந்த வேலைக்குத்தான். ஒரே அணு, ஒரு தடவை ஜோடியா வச்சுப் பாத்தா பெல் கணக்கு ஒடையுது, இன்னொரு தடவை ஒத்தையா வச்சுப் பாத்தா அலைக்கணக்கு ஒடையுது. ரெண்டையும் ஒரே குழு ஒரே அணுவை வச்சு செஞ்சது தற்செயல்னு எனக்குத் தோணல.

சரி, இந்தப் பின்னலை யாரு போட்டா? கண்ணாடியான்னு கேட்டா ஆமான்னுதான் தோணும், கண்ணாடியில பட்டதுக்கு அப்புறம்தான வந்துச்சு. எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு. கண்ணாடி அகப்பைதான். லேசரை விட்டா ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன லேசர், தனித்தனியா, ஒட்டே இல்ல. விளக்கு வெளிச்சத்தை விட்டா ரெண்டு பக்கமும் கோரிலேஷன் இருக்கும், ஆனா மல்லி வெலை கோரிலேஷன், பின்னல் இருக்காது. ஒத்தைப் போட்டானை விட்டா பின்னல். 2002-ல கிம், சன், புஜெக், நைட் நாலு பேரும் இதைக் கட்டுரையாவே எழுதிட்டாங்க, உள்ள வர்ற ஒளியில நான்கிளாசிக்கல் கொணம் இல்லாம பாதிக் கண்ணாடியில என்டாங்கிள்மென்ட் வராதுன்னு. மூணு வருஷம் கழிச்சு ஆஸ்போத், கல்சமிக்லியா, ரிட்ஷ் மறுபக்கத்தையும் அடைச்சாங்க: ஒரு பக்கம் நான்கிளாசிக்கல் ஒளியையும் இன்னொரு பக்கம் வெறும் இருட்டையும் விட்டா பின்னல் வந்தே தீரும், எவ்வளவு பின்னல் வருதோ அதையே அந்த ஒளி எவ்வளவு நான்கிளாசிக்கல்ங்கிறதுக்கு அளவா வச்சுக்கலாம்னாங்க. ரெண்டு பக்கமும் ஒளியை விட்டா மட்டும் கவனமா இருக்கணும். ஸ்க்வீஸ்டு ஒளின்னு ஒண்ணு இருக்கு, ஒளியோட இயற்கையான நடுக்கத்தை ஒரு பக்கம் அமுக்கி இன்னொரு பக்கம் பிதுங்க விட்டது, அதுவும் நான்கிளாசிக்கல்தான், ரெண்டு பக்கமும் அதையே ஒரே அளவு ஒரே திசையில அமுக்கி விட்டா சில நேரம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு பின்னலே வராது, ஒண்ணைக் குறுக்கால திருப்பி விட்டா அமோகமா வரும்.

சட்டியில என்ன இருக்குன்னு கண்டுபுடிக்கிற கணக்கை எழுதுனவரு ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கத்துல பொறந்து, தாம்பரத்துல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவரு. 1963-ல அவரு காட்டுனது என்னன்னா, எந்த ஒளியையும் லேசர் மாதிரி சீரான ஒளிகளோட கலவையா எழுதலாம், இது இத்தனை கரண்டி, அது இத்தனை கரண்டின்னு சாம்பார்ப்பொடி பக்குவம் மாதிரி. விளக்கு வெளிச்சத்துக்கு எல்லாக் கரண்டியும் நேர் எண். ஒத்தைப் போட்டானுக்கு எழுதிப் பாத்தா பக்குவத்துல மைனஸ் கரண்டி வருது. மைனஸ் ரெண்டு கரண்டி மல்லிப்பொடியை யாரு போட முடியும்? அப்படி ஒரு பக்குவம் வந்துச்சுன்னா அந்த ஒளி கிளாசிக்கல் கலவை இல்லன்னு அர்த்தம். நான்கிளாசிக்கல்ங்கிற வார்த்தைக்கு இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் எடுத்துக்கிற இலக்கணம் இந்த மைனஸ் கரண்டிதான். 2005-ல ஒளியோட குவாண்டம் கணக்குக்குன்னு அமெரிக்க விஞ்ஞானி ராய் கிளாபருக்கு நோபல் குடுத்தப்ப சுதர்சன் பேரு அதுல இல்ல. அவரே கமிட்டிக்கு எழுதினாரு, பல விஞ்ஞானிங்களும் இது சரியில்லன்னாங்க, ஒண்ணும் நடக்கல. 2018-ல போயிட்டாரு. எனக்கு இன்னைக்கும் அது ஆறல. கிளாபர் செஞ்சது பெரிய வேலை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா இந்தக் கரண்டிக் கணக்கு இல்லாம இந்தப் பதிவுல பாதியை நான் எழுதியிருக்க முடியாது.

சட்டிக்கு சுதர்சன்னா அகப்பைக்கும் நம்ம ஊர் ஆளு ஒருத்தர் இருக்காரு. வெளிய வந்த ரெண்டு ஒளிக்கும் நடுவுல பின்னல் இருக்கா இல்லையான்னு எப்படிச் சோதிக்கிறது? சென்னை தரமணியில கணித அறிவியல் நிறுவனத்துல இருந்த ஆர். சைமன் 2000-ல ஒரு வழி சொன்னாரு, அதே நேரம் டுவான், கீட்கே, சிராக், சோலர் தனியா இன்னொரு வழில அதே எடத்துக்கு வந்தாங்க. சைமனோட வழியில ஒரு அழகு இருக்கு. ரெண்டு ஒளியில ஒண்ணை மட்டும் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போடு, அதாவது கணக்குல அதோட உந்தத்துக்கு மட்டும் குறியை மாத்து. பின்னல் இல்லன்னா திருப்பிப் போட்டதும் நல்ல பிள்ளையா இயற்கையில இருக்கக்கூடிய ஒரு நெலமையாத்தான் இருக்கும். பின்னல் இருந்தா திருப்பிப் போட்டது, எடமும் உந்தமும் ஒரே நேரத்துல துல்லியமா இருக்க முடியாதுங்கிற ஹைசன்பர்க்கோட நிச்சயமின்மை விதியை மீறலாம், மீறிருச்சுன்னா பின்னல் உறுதி. ஸ்க்வீஸ்டு ஒளி மாதிரி காஸியன் வகை (நடுக்கம் மணி வடிவ வளைவுல பரவியிருக்குற வகை) ரெண்டு கத்தைக்கு இந்தச் சோதனை முழுசா போதும், வேற எதுவும் பாக்க வேண்டாம். பஸ் கண்ணாடியில ஆரம்பிச்ச பேச்சு ஒரு கணக்குக் கண்ணாடியில வந்து நின்னதைச் சொன்னதும் அவ முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சு எனக்கு ரெண்டு குடுத்தா.

நாகமலை புதுக்கோட்டையில பஸ் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அந்நேரம் பாத்து கண்ணாடில விரலை வச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டா பாருங்க. "மாமா, நீங்க சொன்ன பாதிக் கண்ணாடிக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல. ஒரு பக்கம் போட்டானை விடுறாங்க. இன்னொரு பக்கம் காலியா தொறந்து கெடக்கே, அங்கிட்டுருந்து ஒண்ணுமே உள்ள வரலையா?"

நான் அந்த இருட்டை சும்மா ஒரு வார்த்தையில தாண்டிப் போயிருந்தேன், அவ அதைப் புடிச்சுட்டா. வருது. காலியா இருக்குறதும் ஃபீல்டுதான், அதோட கீழ்ப்படி. ஒளி ஒண்ணும் இல்லாத எடத்துலயும் ஃபீல்டு அசையாம நிக்காது, நிச்சயமின்மை விதி அதை விடாது, ஒரு சின்ன நடுக்கம் இருந்துக்கிட்டே இருக்கும். அது கற்பனை இல்ல, அளந்து பாத்து அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. அமெரிக்காவுல ஈர்ப்பு அலையை அளக்குற லைகோங்கிற கருவியில 4 கிலோமீட்டர் நீளக் கை ரெண்டு, நடுவுல ஒரு பாதிக் கண்ணாடி, சரியா நான் சொன்ன மாதிரிதான். அதுல வெளிச்சம் வராம இருட்டா வச்சிருக்குற பக்கத்துலருந்து இந்த வெறும் நடுக்கம் உள்ள பூந்து அளவைக் கெடுக்குது. 2019-லருந்து அவங்க அந்த இருட்டுப் பக்கத்துல வெறும் இருட்டை விடாம, அமுக்குன இருட்டை விடுறாங்க. ஸ்க்வீஸ்டு வேக்குவம்னு பேரு. ஒரு பக்கம் நடுக்கத்தை அமுக்கி இன்னொரு பக்கம் பிதுங்க விட்ட இருட்டு, சுதர்சன் பக்குவத்துல மைனஸ் கரண்டிக் கேஸ்தான். அதுக்கு அப்புறம் முன்ன கேக்காத தூரத்துலருந்து வர்ற அலையும் கேக்குது.

கொஞ்ச நேரம் பேசல. கண்டக்டர் காளவாசல் காளவாசல்னு சத்தம் குடுத்தாரு, பாதிப் பேரு எந்திரிச்சுட்டாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள அவ காதுகிட்ட வந்து, "இந்தியாவுல அது இருக்கா?"ன்னா. மகாராஷ்டிராவுல ஹிங்கோலி மாவட்டத்துல கட்டப் போறாங்க, 2023-ல மத்திய அரசு ஒத்துக்கிருச்சு, நீ எம்.எஸ்.சி. முடிச்சு வர்ற நேரத்துக்கு அங்க ஆள் வேணும்னு சொன்னேன். ஒளியியல் நல்லாப் படி, லேபுல லேசர் இருந்தா பூட்டி வச்சிருந்தாலும் கேட்டு வாங்கித் தொட்டுப் பாரு, விடாதன்னேன்.

ஆரப்பாளையத்துல எறங்கி கட்டைப்பையை நான் வாங்கிக்கிட்டேன். அவ நோட்டை எடுத்து கட்டைச் சுவத்து மேல வச்சு எழுதுறா, ஆட்டோக்காரரு ஹாஸ்டலுக்கு எவ்வளவுன்னு பேரம் பேசிக்கிட்டு நிக்கிறாரு, இவ நிமிராம கேக்குறா, "ஹிங்கோலிக்கு நம்ம ஊர்லருந்து எந்த ட்ரெயினு மாமா?"